ஷாப்ட்ஸ்பரிப் பிரபு

ஏழாம் ஷாப்ட்ஸ்பரிப் பிரபு 1801-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் தோன்றினார். செல்வக் குடியிற் பிறந்தும் பெற்றோர் அன்பை அறியாதவர். மரியா மில்லிஸ் என்னும் பணிப்பெண்ணே அவருக்குச் செபங் கற்பித்துத் தாய்போல் விளங்கினாள். ஆக்ஸ்போர்டிற் கற்று, 1826-இல் பாராளுமன்றம் புகுந்தார். தந்தையார் மறைந்த 1851 வரை அவரை ஆஷ்லிப் பிரபு என்றே அழைத்தனர்.

1842-இல் வெளிவந்த சுரங்க விசாரணை அறிக்கை இங்கிலாந்தை நடுங்கச் செய்தது. ஐந்தாறு வயதுக் குழந்தைகள், காற்றுக் கதவுகளைத் திறந்து மூடும் பொருட்டு, நாள் முழுதும் இருளில் தனித்திருந்தனர். சிறுமியரும் இடையிற் கச்சையும் சங்கிலியும் பூண்டு, நிலக்கரி வண்டிகளைத் தவழ்ந்தவாறே இழுத்தனர். பெண்டிரும் பத்து வயது நிரம்பாத சிறுவரும் சுரங்கத்தினுள் உழைத்தலாகாது என ஆஷ்லி கொணர்ந்த மசோதா அவ்வாண்டே சட்டமாயிற்று.

ஆலைகளின் செய்தி அத்துணை எளிதன்று. பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலையென விதிக்க, 1833 முதலே அவர் போராடி வந்தார். 1846 ஜனவரியில் மீண்டும் அம்மசோதாவைக் கொணர்ந்தார். அப்பொழுதுதான் தானியச் சட்டப் பூசல் முற்றியிருந்தது. அயல்நாட்டுத் தானியத்தின்மீது வரி நிலைக்கவேண்டும் என்னும் டார்செட் நாட்டு நிலக்கிழாரே அவரைத் தேர்ந்தனுப்பியவர். அவ்வரி ஒழிதல் வேண்டுமென்பதோ அவர்தம் புதிய துணிபு. தேர்ந்தவர்க்கு மாறாக வாக்களித்தலும் தகாது, மனச்சான்றுக்கு மாறாக வாக்களித்தலும் தகாது எனக் கருதி, அம்மாத இறுதியிலேயே பதவி துறந்தார். மசோதாவை ஜான் பீல்டன் என்பவர் ஏற்று நடத்தினார். மே மாதத்தில் அது பத்து வாக்குகளால் தோற்றது. மறு ஆண்டு அது நிறைவேறிய ஞான்று, ஆஷ்லி சபைக்கு வெளியே நின்றார்.

அவர் தம் மானத்தைக் காத்தமையால் சிறுவர்தம் துன்பம் ஓராண்டு நீண்டதன்றோ என வினவுவார் உளர். அவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடுதல் ஒண்ணாது. எனினும், ஆலை முதலாளிகளை நோக்கி நேர்மை பேசிய ஒருவர், வாக்குத் தவறிய பின்னும் ஆசனத்தைப் பற்றியிருப்பின், அவர் சொல்லை யார் மதித்திருப்பர்? ஆதலின் அவர் செய்தது தக்கதே என்பது எம் கருத்து.

குறையற்றவர் அவர் என்று நாம் கூறவில்லை. ஏழையின் துயருக்கு இரங்கிய அவர், அவ்வேழைக்கு வாக்குரிமை நல்க இசைந்தாரல்லர். 1832-இலும் 1867-இலும் சீர்திருத்தத்தை எதிர்த்தே நின்றார். ஆயினும் புகைபோக்கிகளிற் சிறுவரை ஏற்றும் கொடுமையை அடக்க 1875-இல் சட்டம் இயற்றுவித்தபொழுது, அவர்க்கு வயது எழுபத்து நான்கு.

1885 அக்டோபர் 1-இல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஆராதனை நடந்தது. வழியெங்கும் ஏழைமக்கள் திரண்டு நின்றனர். அவர் விரும்பியவாறே, முன்னோர் ஊராகிய செயின்ட் ஜைல்ஸில் உடலை அடக்கஞ் செய்தனர்.