உள்ளிருந்து திறக்கும் வழி

கம்பைநல்லூர் வீட்டில் சர்வர் வைத்திருப்பவர், பெங்களூரிலிருந்து அதற்குள் நுழைய முயன்றால் பல சமயம் கதவு திறக்காது. முதலில் ரவுட்டரில் காட்டும் வான் (WAN) ஐ.பி. முகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. அப்படியானால் போர்ட் ஃபார்வர்டிங்கோடு மல்லுக்கட்டுவது வீண்.

திசையை மாற்றினால் வேலை நடக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வால், உள்ளிருந்து போவதில் அவ்வளவு கெடுபிடி காட்டாது. மும்பையில் சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வரிலிருந்து அதற்கு எஸ்.எஸ்.எச். ரிவர்ஸ் டனல் போட்டால், பெங்களூரிலிருந்து அந்த கிளவுட் சர்வர் வழியாக வீட்டு சர்வருக்குள் நுழையலாம். 1995-இல் பின்லாந்தின் டாட்டு யிலோனென் உருவாக்கிய எஸ்.எஸ்.எச்.சுக்கு உரிய போர்ட் 22. அது அடைபட்டிருந்தால் 443-இல் ஓடவிடலாம். பாதுகாப்பான இணையதளங்கள் இயங்கும் போர்ட் என்பதால் அதை மூடுபவர்கள் அரிது. பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும் கறாரான ஃபயர்வாலிடம் இந்தத் தந்திரமும் பலிக்காது.

கரண்ட் போய் வந்தாலும் டனல் தானாக எழ, அதை லினக்ஸின் சிஸ்டம்டி சேவையாக அமைப்பது நல்லது. இத்தனை தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு டெயில்ஸ்கேல் என்ற வி.பி.என். சேவை போதும்.

அலுவலக சர்வர் என்றால் ஐ.டி. பிரிவின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வழியானாலும் எஸ்.எஸ்.எச்.சில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிட்டு, கீ ஃபைல் உள்ளவர்களை மட்டும் அனுமதிக்கலாம்.