கட்டை அவிழ்ப்பது யார்?

தியானப் பகுதி: யோவான் 11:38-44



லாசருவை உயிரோடு எழுப்பினவர் இயேசு. ஆனா அவன் கைகால் கட்டோடுதான் கல்லறையை விட்டு வந்தான். அந்தக் கட்டை அவிழ்க்கும் வேலையை ஆண்டவர் சுற்றி நின்றவர்களுக்குக் கொடுத்தார். ஜீவன் தருகிறவர் அவர். கட்டவிழ்க்க வேண்டியது சபை!

1966-ல் ஜாக்கி புலிங்கர் என்ற 22 வயது சகோதரி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி ஹாங்காங் போனார்கள். கவுலூன் மதில் நகரத்தில் அபினுக்கும் ஹெராயினுக்கும் அடிமைப்பட்டவர்கள் நடுவே ஊழியம் செய்தார்கள். ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்களை வெறுமனே அனுப்பிவிடவில்லை. வீட்டில் சேர்த்துக்கொண்டு, போதையை விடும் அந்த வேதனையான நாட்களில் இரவும் பகலும் முறை வைத்துப் பக்கத்திலிருந்து அந்நியபாஷையில் ஜெபித்தார்கள். விடுதலையானவர்களே அடுத்தவனுக்குத் துணை நின்றார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? குடியை விட்டவன் ஞாயிறு சாட்சி சொன்னால் அல்லேலூயா என்கிறோம். திங்கட்கிழமை சாயங்காலம் அவன் தனியா நிற்கிறானே!

மூன்று காரியம் செய்வோம்:

1. சம்பள நாளில் ஒரு சகோதரன் அவனோடு வீடு வரைக்கும் நடக்கட்டும்.

2. பல வருஷம் அதிகமாகக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. பிசாசு என்று சொல்லி வீட்டில் வைத்திராமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஜெபத்தையும் விடாதீர்கள்.

3. மறுபடி விழுந்தால் தள்ளிவிடாதீர்கள். அவன் மனைவி பிள்ளைகளையும் விசாரியுங்கள்.

பிரியமானவர்களே, உங்கள் தெருவில் கட்டோடு நிற்கும் லாசரு யார்? பெயர் சொல்லி இன்றே ஜெபியுங்கள். எழுந்து அவன் வீட்டுக்கும் போங்கள். ஆமென்!