மிதி அமுங்கும் விதம்

சுங்கை ரம்பாய்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அப்பாவின் பழைய புரோட்டோன் சாகாவில் பிரேக் மிதி பஞ்சாக அமுங்குகிறது, போர்மன் பூஸ்டரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு உன் காலுக்குத் துணைநிற்பதுதான் பூஸ்டரின் வேலை. அது பழுதானால் மிதி இறுகும். பாரம் முழுவதையும் காலில் வைத்தாலும் வண்டி சுலபத்தில் நிற்காது. தளர்ச்சிக்குக் காரணம் வேறு. சந்தேகமிருந்தால் இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதி. பிறகு மிதியை அழுத்தியபடியே இன்ஜினைப் போடு. மிதி சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் பலர் 'பூஸ்டர் போச்சு' என்கிறார்கள்!

மிதியின் அழுத்தம் சக்கரத்துக்குப் போவது திரவத்தின் வழியாகத்தான். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பாய். அதை விளக்கிய பாஸ்கலின் நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல்தான் அச்சேறியது. சிறிய பிஸ்டனை ஒரே ஆள் தள்ளினால், நூறு மடங்கு பெரிய பிஸ்டனைத் தள்ளும் நூறு பேருக்கு ஈடாவான் என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு காரின் நான்கு சக்கரத்துக்கும் வந்து சேர 1921 ஆயிற்று. அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் அது. மால்கம் லாக்ஹெட்டின் அந்த ஏற்பாட்டில் கசிவைத் தடுக்க வேண்டிய தோல் கப்புகளே கசிந்து தொல்லை கொடுத்தன. கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பருக்கு மாறிய பிறகே பிழைப்பு நடந்தது. பால்மரம் வெட்டிய குடும்பங்களில் பிறந்த நமக்கு இது பிடித்த கதையாக இருக்க வேண்டும். இப்போது வருவது செயற்கை ரப்பர்தான். அதில் இன்ஜின் ஆயில் பட்டால் ஊதிப்போகும்.

சரி, உன் கால் சொல்வதைக் கேள். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மறுமுறை மிதித்தால் உயர்ந்து கெட்டியாக நிற்கிறதா? பின் சக்கர டிரம்மில் ஷூ இடைவெளி கூடியிருக்கலாம், அதைச் சரிசெய். உயர்ந்தும் ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறதா? குழாயில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? போத்தலில் பிரேக் ஆயில் குறைந்தால் வெளியே கசிவு: டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை நீக்கிப் பார், உள்ளே நனைந்திருக்கும். ஆயில் குறையவில்லையென்றால் மாஸ்டர் பம்பின் கப் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுக்கிறது.

குழாயிலிருந்து காற்றை எடுக்கும்போது ஒன்றைக் கவனி. இதை நான் ஓயாமல் சொல்வதாக நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். தினசரி ஓட்டத்தில் மிதி பாதி தூரம்தான் போகும். பம்பின் மீதிப் பகுதியில் கப் உரசுவதே இல்லை. பல வருஷத்துக் கசடும் துருவும் அங்கே படிந்திருக்கும். உதவிக்கு உட்கார்ந்தவன் மிதியைத் தரைவரை அமுக்கினால், கப்பின் மெல்லிய விளிம்பு அந்தச் சொரசொரப்பில் ஏறி இறங்கிக் கிழியும். கொஞ்ச நாளில் மிதி இறங்கத் தொடங்கும். 'வயசான பம்ப்' என்று பழி அதன்மேல் விழும். மிதிக்கடியில் ஒரு பலகைத் துண்டை வை, போதும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார், கூட்டாளியைக் கேட்காதே.

கெந்திங் மலை இறக்கத்தில் மட்டும் மிதி தளர்ந்து, ஆறியதும் சரியானால், திரவம் கொதித்திருக்கிறது. டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140தான். நம் கடலோர ஈரக்காற்றில் மூடி திறந்த போத்தலை அலமாரியில் வைத்திருந்து ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கொரு முறை முழுவதையும் மாற்று.

மிதி கெட்டியாகும்வரை அந்தக் காரில் மூவாருக்குப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்