பதிவேட்டில் ஒரு வரி

வரலாறு என்றதும் நமக்கு மன்னர்களும் போர்களும் நினைவுக்கு வருகின்றன. நம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடிக்கும் முதியோருக்கும் வரலாறு உண்டு. அதையும் ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சயானில் வாழும் என் ஆச்சி இரண்டாம் உலகப் போரின்போது அங்கேயே பிறந்தவர். "பிறந்த அன்றே அப்பனை விழுங்கியவள்" என்று உறவினர் அவரை ஏசுவதுண்டு. துறைமுகக் கூலியான அவர் தந்தை 1944 ஏப்ரல் 14 அன்று மாண்டார். அன்று பம்பாய் விக்டோரியா துறையில், பஞ்சும் சுமார் 1,400 டன் வெடிமருந்தும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்னும் கப்பல் தீப்பற்றி, மாலை 4 மணியளவில் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர்.

ஆச்சியின் தாயார் சொல்லிச் சென்றதோ வேறு: "நீ சுபானு வருசம் பங்குனியிலே பிறந்தவ." பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். கப்பல் வெடிப்பதற்கு முன்பே சுபானு முடிந்து, தாரண ஆண்டின் சித்திரை பிறந்துவிட்டது. இரண்டு கூற்றும் ஒருசேர மெய்யாக இருக்க முடியாதன்றோ?

வாய்மொழி முரண்படும்போது ஆவணத்தை நாட வேண்டும். எந்த ஊர் ஆவணம் என்பதையும் அறிய வேண்டும். செம்பூர் 1950இல்தான் பம்பாய் மாநகராட்சியுடன் இணைந்தது. சயானும் தாராவியும் அதற்கு முன்பே நகர எல்லைக்குள் இருந்தவை. ஆகவே மாநகராட்சியின் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேட விண்ணப்பித்தேன். பெயரிடுமுன்பே பிறப்பைப் பதிவதுண்டு. எனவே தந்தை பெயரையும் தெருவையும் தந்து, ஒரு நாளை மட்டுமன்றி முன்னும் பின்னும் இரு மாதங்களைத் தேடச் சொன்னேன்.

கிடைத்தது ஒரே வரி. பெண் குழந்தை, பெயர் இல்லை. பிறந்த நாள் 9-4-1944. பதிந்த நாள் 12-4-1944. தகவல் தந்தவர்: தந்தை.

ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். தேதியை அவர் பொருட்படுத்தவில்லை.

"அப்போ எங்கப்பா என்னைப் பார்த்திருக்காரா?" என்றார்.

"பார்த்திருக்காரு ஆச்சி. அவரே போய் உங்களைப் பதிஞ்சிட்டு வந்திருக்காரு."

ஆச்சி வெகுநேரம் பேசவில்லை.

தோழர்களே! விடுமுறையில் வீடு செல்லும்போது பெரியோரிடம் பிறந்த ஆண்டை மட்டும் கேளாதீர்கள். எந்த மாதம், எந்தத் திருவிழாவை ஒட்டி, அன்று ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் ஒதுக்கிவிடாதீர்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.