ஒரு கேஸ் சிலிண்டர், மூன்று சோடா கெக்: எக்ஸெல் சொல்லும் பிரஷர் கணக்கு

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சோடாக் கடை போட நினைக்கிறீர்கள். பன்னீர், இஞ்சி, எலுமிச்சை என மூன்று சோடாவுக்கு மூன்று கெக். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் ஒன்றுதான். கேஸ் லைனை மூன்றாகப் பிரித்தால் போதுமா? வாங்கும் முன் எக்ஸெல்லில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கெக் என்பது பிரஷர் தாங்கும் ஸ்டீல் டிரம். சுமார் 19 லிட்டர் பிடிக்கும் வகை முதலில் குளிர்பானங்களுக்காக வந்தது. வெளிநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரைக்காலில் உரிமம் இல்லாமல் பீர் தயாரிப்பது குற்றம். ஆனால் கேஸ் லைனைப் பிரிக்கும் முறை பீருக்கும் சோடாவுக்கும் ஒன்றே.

கேஸ் கரையும் விதம்

தண்ணீர் குளிர்ந்திருந்தால் கேஸ் அதிகம் கரையும். சாதாரணக் காற்றழுத்த அளவில், 1 லிட்டர் தண்ணீரில் 5 டிகிரி செல்சியஸில் 1.424 லிட்டர் கேஸ் கரையும். 30 டிகிரியில் 0.665 லிட்டர் மட்டுமே. பிரஷரைக் கூட்டினால் அதே விகிதத்தில் கரையும் அளவும் கூடும்.

எக்ஸெல்லில் செய்முறை

1. எக்ஸெல்லைத் திறக்கவும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கும் போதும்.

2. முதல் வரிசையில் வெப்பநிலை, கரையும் அளவு, தேவையான கேஸ், பிரஷர் எனத் தலைப்புகளை டைப் செய்யவும்.

3. ஏ2, பி2, சி2 செல்களில் 5, 1.424, 3.5 என்று கொடுக்கவும். இது ஐஸ் பெட்டியில் உள்ள பன்னீர் சோடா. 3.5 என்பது 1 லிட்டர் சோடாவில் எத்தனை லிட்டர் கேஸ் வேண்டும் என்பது.

4. அடுத்த வரிசையில் எலுமிச்சைக்கு 5, 1.424, 2.5 என்றும், அதற்கடுத்த வரிசையில் வெளியே வெயிலில் இருக்கும் இஞ்சி சோடாவுக்கு 30, 0.665, 3.5 என்றும் கொடுக்கவும்.

5. டி2 செல்லில் =(சி2/பி2-1)*14.7 என்று டைப் செய்து என்டர் தட்டவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும். 14.7 என்பது பி.எஸ்.ஐ. அளவில் காற்றழுத்தம். மீட்டர் அதற்கு மேலுள்ள பிரஷரை மட்டும் காட்டுவதால் 1 கழிக்கிறோம்.

6. டி2 செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து டி4 வரை இழுக்கவும்.

விடை: பன்னீருக்கு 21.4, எலுமிச்சைக்கு 11.1, இஞ்சிக்கு 62.7 பி.எஸ்.ஐ. இவை தண்ணீருக்கான கணக்கு. சர்க்கரை சேர்த்தால் சற்று மாறும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

லைனை வெறுமனே மூன்றாகப் பிரித்தால் மூன்று கெக்குக்கும் ஒரே பிரஷர்தான் போகும். 21.4 வைத்தால் இஞ்சி சோடாவில் தேவையான கேஸில் பாதிகூட ஏறாது. 62.7 வைத்தால் பன்னீர் சோடாவில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, குழாயைத் திறந்ததும் நுரைதான் வரும். எனவே சிலிண்டரில் ஒரு ரெகுலேட்டர் இருந்தாலும், பிரித்த பின் ஒவ்வொரு லைனுக்கும் தனி ரெகுலேட்டர் வேண்டும். மூன்றையும் ஒரே ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரே அளவு கேஸ் கொடுப்பதானால் ஒரு ரெகுலேட்டரே போதும். செலவு மிச்சம்!

கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு லைனிலும் ஒருவழி வால்வு தேவை. இல்லாவிட்டால் பிரஷர் அதிகமுள்ள கெக்கிலிருந்து சோடா திரும்பி மற்ற லைனுக்குள் போய்விடும்.

* 30 டிகிரியில் சிலிண்டருக்குள் 1,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கில் இணைக்கவே கூடாது. சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி, நிழலில் வைக்கவும்.

* உள்ளே கேஸ் திரவமாக இருப்பதால், அது தீரும் வரை மீட்டர் முள் அதிகம் இறங்காது. மீதி எவ்வளவு என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும்.

* இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைச் சோதிக்கவும். இந்த கேஸுக்கு வாசனை கிடையாது, காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

பைலை சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மாறினால் முதல் இரண்டு எண்களை மாற்றினால் போதும். 10 டிகிரிக்குக் கரையும் அளவு 1.194, 20 டிகிரிக்கு 0.878. பிரஷர் தானாகவே மாறிவிடும்.