கடை வேறு, நாம வேறு



தொழில் பற்றி நாம் நிறையப் பயிற்சி எடுத்துவிட்டோம். திட்ட அறிக்கை எழுதினோம். பாக்கெட் போடவும் லேபிள் ஒட்டவும் கற்றுக்கொண்டோம். உணவுப் பொருள் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்கினோம். கடன் வாங்கி, மிஷின் வாங்கி, நல்ல நாள் பார்த்துத் தொழிலையும் தொடங்கியாச்சு. அதுக்கப்புறம் ராத்திரி ஏன் தூக்கம் வரமாட்டேங்குது? அதை மட்டும் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

கூலி வேலைக்குப் போனபோது இந்தத் தொல்லை இல்லை. சாயங்காலம் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தால் அன்றைய கவலை அங்கேயே முடிந்தது. களை சரியாக எடுத்தோமா என்பது நம் பொறுப்பு. வெள்ளாமை விளைந்ததா, விலை போனதா என்பது தோட்டக்காரர் கவலை. சொந்தத் தொழிலில் இரண்டு கவலையும் நம் தலையில். அதோடு மூன்றாவதாக ஒன்றும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'நான் எதுக்கும் லாயக்கில்லையோ' என்கிற நினைப்பு. முதல் இரண்டும் தொழிலோடு பிறந்தவை, சுமந்துதான் ஆக வேண்டும். மூன்றாவது தேவையில்லாத சுமை. அதை எப்படி இறக்கி வைப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். நடுவில் யாருக்காவது பேசத் தோன்றினால் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பாடம் எங்கும் ஓடிப்போகாது.

போணி ஆகாத நாள்

"காலையிலேர்ந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கலை, போணியே ஆகலை." இப்படி ஒரு நாள் வராத கடை உலகத்தில் கிடையாது. பஜாரில் இருக்கிற பெரிய மளிகைக் கடைக்கும் அந்த நாள் உண்டு. ஆனால் அந்தக் கடைக்காரர் "இன்னிக்கு வியாபாரம் மந்தம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கிறார். நாம் "என் ராசி அப்படி" என்கிறோம். வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர் வியாபாரத்தைச் சொன்னார், நாம் நம்மையே சொன்னோம்.

சென்னையில் பாட்ரிசியா நாராயண் என்று ஒரு அம்மா. இரண்டு சிறு பிள்ளைகளோடு, குடும்பத்தில் பெரிய கஷ்டத்தில் இருந்த நேரம். 1982ஆம் ஆண்டு மெரினா கடற்கரையில் ஒரு தள்ளுவண்டிக் கடை போட்டார். கட்லெட், சமோசா, ஜூஸ், காபி, டீ எல்லாம் வைத்திருந்தார். முதல் நாள் முழுக்க விற்றது ஒரே ஒரு காபி. விலை 50 காசு. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். ஒரு காபியாவது விற்றதே, நாளைக்கு இன்னும் நன்றாகப் போகும் என்று அம்மா தேற்றி அனுப்பியிருக்கிறார். மறுநாள் 600, 700 ரூபாய்க்கு விற்றது. பிறகு கேன்டீன், உணவகம் என்று தொழில் வளர்ந்து, 2010இல் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதும் வாங்கினார்.

விருது வாங்கியதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவில் என்ன மாறிவிட்டது? அதே வண்டி, அதே காபி, அதே கை. ராசி ஒரு ராத்திரியில் மாறிவிடுமா? முதல் நாளோடு நின்றிருந்தால் "நமக்கு வியாபாரம் வராது" என்றுதான் ஆயுசுக்கும் நினைத்திருப்பார். அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்ததுதான் பெரிய விஷயம். நம் குழு எதற்காக இருக்கிறது, சேமிப்பு வசூலுக்கு மட்டுமா?

இந்த ராசிப் பேச்சு, கணவரை இழந்த சகோதரிகளை இன்னும் ஆழமாகக் குத்துகிறது. காலையில் அவர் கையால் வாங்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். விடிந்ததும் நம் உறுப்பினர் ஒருவர் முறை வைத்துப் போய் அந்த அக்காவிடம் முதல் ஆளாக வாங்கட்டும். நாலு வாரம் இதைச் செய்தால் தெருவே பார்க்கும்.

வியாபாரம் மந்தமான நாளில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு நோட்டில் அன்றைய விற்பனைக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரு வார்த்தையில் எழுதுங்கள். மழை. மாசக் கடைசி. பக்கத்து ஊர் சந்தை. தெருவில் துக்கம். பள்ளிக்கூட லீவு. மூன்று மாதம் எழுதினால் எந்த நாள் படுக்கும், எந்த நாள் ஓடும் என்று தெரிந்துவிடும். காரணம் தெரிந்த பயம் பாதி பயம்தான்.

மும்பையில் கிர்காம் பகுதியில் 1959ஆம் ஆண்டு 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு லிஜ்ஜத் அப்பளம் என்று ஊரெல்லாம் தெரிவது அதுதான். முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. 4 மாதம் தொழிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. 4 மாதம் என்றால் சும்மாவா! மனசு கலங்காமலா இருந்திருக்கும்? ஆனால் அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழை பெய்தாலும் அப்பளம் காய்ந்தது. 'நமக்குக் கொடுத்து வைக்கலை' என்று முடித்திருந்தால் கட்டில் ஞாபகத்துக்கே வந்திருக்காது.

விலை சொல்லும்போது வாய் ஏன் குழறுகிறது?

நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்கள் நிறையப் பேர். தைத்த ஜாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது "எவ்வளவுக்கா?" என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது "நீங்க பார்த்துக் குடுங்க." மீதிப் பேர் விலையைச் சொல்லிவிட்டு, எதிராளி வாய் திறக்கும் முன்னாலேயே "வேணும்னா பத்து ரூபா குறைச்சுக் குடுங்க" என்று சேர்த்துவிடுகிறார்கள். கேட்காமலே குறைக்கிறோம்! ஜவுளிக் கடையில் போய் நாம் சேலை எடுத்தால் அவர்கள் இப்படிச் சொல்வார்களா?

ஒரு கணக்குப் போடுவோம். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்று. லைனிங் துணி 50 ரூபாய். நூல், ஹூக் 10 ரூபாய். கரண்ட்டும் மிஷின் தேய்மானமும் 10 ரூபாய். ஆக 70. நாம் வாங்குவது 150 என்று வைத்துக்கொண்டால் மீதி 80. "80 ரூபா லாபம்" என்று சந்தோஷப்படுகிறோம். வெட்டி, தைத்து, கை வேலை முடிக்க 3 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 27 ரூபாய்கூட வரவில்லை. உங்கள் ஊரில் வயல் வேலைக்கு 8 மணி நேரத்துக்கு 400 ரூபாய் கூலி என்றால், மணிக்கு 50. அப்படியானால் நம் கூலியே 150, சாமான் செலவு 70, மொத்தம் 220 ரூபாய். இதில் லாபம் இன்னும் சேரவே இல்லை. (உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.)

அந்தக் கூலியை ஏன் எழுதாமல் விடுகிறோம்? வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை செய்கிற வேலைக்கு யாரும் நமக்குக் கூலி கொடுத்ததில்லை. "சும்மாதானே இருக்கா" என்று கேட்டுக் கேட்டு, நம் உழைப்புக்கு விலை இல்லை என்று நாமே நம்பிவிட்டோம். அதனால் விலை சொல்லும்போது துணிக்கு விலை சொல்வதாகத் தோன்றுவதில்லை. 'எனக்கு இவ்வளவு குடுங்க' என்று கை நீட்டுகிற மாதிரி கூச்சம் வருகிறது. வாய் குழறுவதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு மருந்து, கூலியை ஒரு செலவாக நோட்டில் எழுதுவது. நூலுக்கு 5 ரூபாய் என்று எழுதுவதுபோல 'தையல்காரிக்குக் கூலி 150' என்று எழுதுங்கள். அந்தத் தையல்காரி நீங்கள்தான், இருக்கட்டும். எழுதிவிட்டால் அது கடை கொடுக்க வேண்டிய பாக்கி ஆகிவிடும். அப்புறம் விலை பலகை. ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பலகை விலை சொன்னால் நமக்குக் கூச்சம் இல்லை. "எல்லாருக்கும் இதே விலைதான்கா" என்று ஒரு வார்த்தை போதும். விலையைச் சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த ஒரு நிமிஷம் ரொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். சில பேர் போய்விடுவார்கள். போகட்டும். 27 ரூபாய்க்கு ராத்திரி கண் விழித்துத் தைத்தால் கழுத்து வலிதான் மிச்சம்.

சொந்தக்காரர் பாக்கி

"மாமாகிட்ட போய்க் காசு கேட்கிறதா?" இந்த ஒரு கேள்வியில் மூழ்கிப்போன கடைகள் எத்தனையோ. கேட்டால் உறவு போய்விடும் என்று பயப்படுகிறோம். உண்மையில் நடப்பது வேறு. பாக்கி 500 ஆனதும் நாத்தனார் நம் வாசல் பக்கம் வருவதை நிறுத்துகிறார். 1,000 ஆனதும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போய் வேறு கடையில் ரொக்கத்துக்கு வாங்குகிறார். பணமும் போச்சு, உறவும் போச்சு. நமக்கு உள்ளுக்குள் எரிச்சல், அவருக்கும் சங்கடம்.

தனி ஆளாகக் கேட்பது கஷ்டம் என்பதால் குழு முன்னால் நிற்கட்டும். தொழில் செய்கிற உறுப்பினர்கள் இவ்வளவு ரூபாய்க்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது, பாக்கி நோட்டை மாதம் ஒரு முறை கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் "அத்தை, வெள்ளிக்கிழமை சங்கத்தில் பாக்கி நோட்டைக் காட்டணும், அதுக்குள்ள முடிச்சிடுங்க" என்று சொன்னால் பொய்யும் இல்லை, பகையும் இல்லை.

போனில் பணம் அனுப்புகிற காலம் இது. "அனுப்பிட்டேன்கா" என்று சொன்னதும் தலையாட்டி விடாதீர்கள். நம் போனில் பணம் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள். இதில் சந்தேகப்படுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ரூபாய் நோட்டை எண்ணி வாங்குவதில்லையா?

இரண்டு பை

மாவு விற்ற காசில் பால் பாக்கெட். அதிலேயே பிள்ளைக்கு நோட்டு, வீட்டுக்காரர் பெட்ரோலுக்கு நூறு. மாசக் கடைசியில் உளுந்து வாங்கக் காசு இல்லை. உடனே மனசு சொல்லும், "தொழில் ஓடலை." தொழில் ஓடத்தான் செய்தது. வீடு எடுத்துச் சாப்பிட்டுவிட்டது, அவ்வளவுதான். அதனால் கடைக்கு ஒரு பை, வீட்டுக்கு ஒரு பை. கடைப் பையிலிருந்து வாரம் ஒரு முறை உங்கள் கூலியை எடுத்து வீட்டுப் பையில் போடுங்கள். இடையில் வீட்டுக்காரர் எடுத்தாலும், மகன் எடுத்தாலும், நீங்களே எடுத்தாலும் எழுதுங்கள். சண்டை போட இல்லை, கணக்குக்காகத்தான்.

பிள்ளைக்குக் காய்ச்சல், அன்றைக்குப் பார்த்து முறுக்கு ஆர்டர். இதில் வருகிற குற்ற உணர்ச்சியைப் பற்றித் தனியாகவே ஒரு பாடம் எழுதலாம். கடை வைத்திருக்கிற ஆம்பளையிடம் யாரும் "பிள்ளையை யார் பார்க்கிறா?" என்று கேட்பதில்லை. நம்மிடம் ஊரே கேட்கிறது, நாமும் நம்மைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைக்கு முடியாத நாளில் கடையைச் சாத்துவது தோல்வி இல்லை. ஆனால் ஆர்டர் கொடுத்தவருக்குக் காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அதேபோல, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆர்டரை முடிப்பதும் பாவம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி அதே ஊறுகாயைப் போட ஆரம்பித்தால் வயிறு எரியும். எரியட்டும், மனுஷர்தானே. ஆனால் விலையைக் குறைத்துப் போட்டி போட்டால் இரண்டு பேர் கூலியும் போகும். ஒருவர் மாங்காய், ஒருவர் எலுமிச்சை என்று உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது.

கவலை எல்லை மீறினால்

தவணைக்குப் பணம் இல்லை என்றால், இன்னொரு இடத்தில் கடன் வாங்கிக் கட்டும் முன்னால் ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ சொல்லுங்கள். குழுவில் சொல்ல வெட்கப்பட்டு மூன்று இடத்தில் வாங்கிவிட்டால் பிறகு யாராலும் கணக்கை அவிழ்க்க முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலத் தோன்றுகிறது என்றால் அதற்குக் கடை காரணமா, நாம் காரணமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது. வீட்டில் அடி உதை என்றால் 181. இரண்டு எண்ணையும் குழுப் பதிவேட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

கூட்டத்தில் செய்ய

இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்க வந்தவர். கடைக்காரர் தன் பொருளின் விலையைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். வாங்க வந்தவர் "அங்கே கம்மியா தர்றாங்களே", "நமக்குள்ள என்னடி" என்று என்னென்ன சொல்ல முடியுமோ அத்தனையும் சொல்லுங்கள், இரக்கமே காட்ட வேண்டாம். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை. எந்த இடத்தில் வாய் குழறியது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நாலு வார விற்பனை நோட்டோடு வாருங்கள். மந்தமான நாட்களுக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் மழைக்கு ஒரு கோடு, சந்தைக்கு ஒரு வட்டம் என்று போட்டுக்கொண்டு வந்தால் போதும், பிரதிநிதி எழுதித் தருவார்.