ஆறு தாய்மார் வளர்த்த பிள்ளை: அயல்நாட்டில் குழந்தை வளர்க்கும் அடியார்களுக்கு

ஓம் சரவணபவ!

திருக்கார்த்திகை வருகிற நேரம் என்பதால், முருகன் பிறப்புக் கதையில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். நம்ம எல்லாருக்கும் சின்ன வயசிலிருந்தே தெரிஞ்ச கதைதான். ஆனா கைக்குழந்தையோட புது ஊருக்குப் போய்க் குடித்தனம் வைக்கிறவங்க அதைப் படிச்சா, இதுவரை கண்ணில் படாத ஒரு பாடம் அதில் இருப்பது தெரியும்.

நாங்கள் திருநெல்வேலியிலிருந்து பெர்லினுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கணவருக்கும் எனக்கும் மென்பொருள் வேலை. மகளுக்கு நாலரை வயசு. மகன் இங்கேயே பிறந்தவன், இப்போ ஒன்றரை வயசு. அதனால் உதாரணங்கள் எல்லாம் இந்த ஊரிலிருந்துதான் வரும். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

கதை

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் சொல்வது இது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு தீப்பொறிகள் தோன்றின. வாயுவும் அக்கினியும் அவற்றைச் சுமந்தார்கள். கங்கை ஏந்திச் சென்று சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே ஆறு பொறிகளும் ஆறு குழந்தைகள் ஆயின. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்தார்கள். பிறகு சிவனும் உமையும் பொய்கைக்கு வந்தார்கள். அம்மை ஆறு குழந்தைகளையும் ஒருசேர வாரி அணைத்தாள். ஆறு முகமும் பன்னிரண்டு கையும் கொண்ட ஒரே பிள்ளை ஆனான் கந்தன்.

நின்று கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்

முதலாவது, உலகத்துக்கே தாயான உமையம்மையின் பிள்ளை முதலில் வளர்ந்தது பிறர் மடியில். கயிலையில் வைத்து வளர்க்க முடியாதா என்ன? இருந்தும் ஒரு பொய்கை, ஒரு நாணல் காடு, ஆறு பெண்கள் என்றுதான் அமைந்தது.

இரண்டாவது, அந்த ஆறு பேரை அம்மை போட்டியாக நினைக்கவில்லை. பால் கொடுத்தவர்களுக்கு என்ன மரியாதை தெரியுமா? பிள்ளைக்கே அவர்கள் பெயர். கார்த்திகேயன் என்றால் கார்த்திகைப் பெண்களின் மகன். அவர்கள் நாளில் விரதம் இருந்தால் முருகன் அருள் கிடைக்கும் என்று சிவபெருமானே வரம் கொடுத்தார். மாதா மாதம் நாம் இருக்கும் கார்த்திகை விரதம் அதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆறு பேர் வளர்த்தார்கள், ஆனால் ஆறையும் ஒன்றாக்கியது அம்மையின் அணைப்பு. அந்த ஒரு வேலையை வேறு யாரிடமும் விடவில்லை.

நம்ம வீட்டுக்கு வந்தால்

ஊரில் குழந்தை வளர்ப்பது என்றால் ஆச்சி, தாத்தா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று பத்துக் கை இருக்கும். இங்கே நாலு சுவர், இரண்டு லேப்டாப், நாங்கள் இருவர். அம்மா வந்தார்கள், ஆனால் விருந்தினர் விசாவில் 90 நாள்தான் தங்க முடியும். கிளம்புகிற வாரத்தில் அம்மா சொன்னது: “ஏட்டி, மூத்தவள நான் கூட்டிட்டுப் போறேன். இங்க பேச்சுத்துணைக்குக்கூட ஆளு இல்லாம புள்ள ஏங்கிப் போவா. நான் இருக்கேன்லா.”

சும்மா சொன்ன வார்த்தை இல்லை. அப்போ மகளுக்கு மூன்று வயசு. தம்பி கைக்குழந்தை. அவள் கிட்டாவில், அதாவது இங்குள்ள மழலையர் காப்பகத்தில், சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கணவரும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து பேசினோம். டிக்கெட் விலைகூடப் பார்த்தாச்சு. அப்போதுதான் இந்தக் கதை வேற மாதிரி மனசில் பட்டது. பிள்ளையை வளர்க்க இந்த ஊரில் ஆறு மடி இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்போம், இல்லை என்றால் ஆச்சியோடு அனுப்புவோம் என்று முடிவு செய்தோம்.

தேடியதில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

கிட்டா. பெர்லினில் ஒரு வயசிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வரை கிட்டாவுக்குக் கட்டணம் இல்லை. 2018 ஆகஸ்ட் முதல் இப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ. முதலில் உங்கள் வட்டார இளைஞர் நல அலுவலகத்தில் ‘கிட்டா குட்ஷைன்’ என்ற அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கும் தேதிக்கு 9 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 2 மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். சீட்டு வாங்குவது சுலபம், இடம் தேடுவதுதான் அலைச்சல்.

சேர்ந்த பிறகு நடக்கும் ‘ஐன்கெவோனுங்’ என்ற பழக்கக் காலம்தான் எனக்குக் கார்த்திகைப் பெண்களை நினைவுபடுத்தியது. 1980-களில் பெர்லினிலேயே உருவான முறை இது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுப் பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிடலாம். நாலாவது நாள்தான் சில நிமிஷம் வெளியே போகச் சொல்வார்கள். அழுகிற பிள்ளையை அந்த ஆசிரியையால் தேற்ற முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் உடனே நம்மைக் கூப்பிட்டு, இன்னும் சில நாள் கூட்டிக்கொள்வார்கள். இன்னொரு மடியை நம்பலாம் என்று பிள்ளைக்குத் தோன்றும் வரை காத்திருப்பதுதான் இதன் அடிப்படை. “இன்னிக்கே விட்டுட்டு ஆபீஸ் போகணும்” என்று இதை அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று வாரம் விடுப்பை இதற்கென்றே எடுத்து வையுங்கள்.

மகளின் மௌனம் இரண்டு மாதம் நீடித்தது. ஆசிரியை எங்களை அழைத்துப் பேசினார். “வீட்டிலும் ஜெர்மன் பேச ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வீட்டில் உங்கள் மொழியைப் பேசுங்கள், ஜெர்மனை எங்களிடம் விடுங்கள், ஒரு மொழி நன்றாக ஊன்றினால்தான் அடுத்தது அதன் மேல் நிற்கும் என்றார். பிறகு ஒரு தாளை நீட்டி, அவளுக்கு முக்கியமான தமிழ் வார்த்தைகளை ஜெர்மன் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். தண்ணி, பசி, வலிக்குது, அம்மா வருவாங்க என்று பத்து வார்த்தை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவர் “டன்னி?” என்று கேட்க, இவள் சிரித்துவிட்டு “டன்னி இல்ல, தண்ணி!” என்று திருத்தினாளாம். கிட்டாவில் அவள் பேசிய முதல் வாக்கியம் தமிழ் வாக்கியம். அன்றைக்கு ராத்திரி டிக்கெட் பேச்சு முடிவுக்கு வந்தது.

கோயில். பெர்லின் பிரிட்ஸ் பகுதியில் ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. யு7 ரயிலில் ப்ளாஷ்கோஅலே நிலையத்தில் இறங்க வேண்டும். இலங்கையிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த தமிழர்கள் உருவாக்கிய கோயில். முதல் முறை போனபோது மகன் ஒரே அழுகை. ஒரு அக்கா வந்து, “பிள்ளையை என்னட்டத் தாங்கோ, நீங்கள் ஆறுதலாய்க் கும்பிட்டிட்டு வாங்கோ” என்று வாங்கிக்கொண்டார். புது ஊரில் ஐந்து நிமிஷம் கை காலியாக நின்று சாமி கும்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தாய்மார்களுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் முதல் மாதமே கோயிலைத் தேடிப் போங்கள். தரிசனத்தோடு கிளம்பிவிடாமல் பிரசாதம் சாப்பிட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீடு. இங்கே இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி காக்க வேண்டும் என்பார்கள். பயந்துகொண்டே குழந்தைகளை அடக்கி வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் குழந்தைகள் எழுப்பும் சத்தம் வளர்ச்சியின் இயல்பான பகுதி, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று 2010-ல் பெர்லின் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். கீழ் வீட்டுப் பாட்டியம்மாவிடம் பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலோடு போய் அறிமுகம் செய்துகொண்டோம். இப்போ அவர் வீட்டு பிஸ்கட் டப்பா எங்கே இருக்கிறது என்று என் மகளுக்குத் தெரியும்.

மருத்துவர். குழந்தை பிறந்ததிலிருந்து யு1, யு2 என்று வரிசையாகப் பரிசோதனைகள் உண்டு. மஞ்சள் நிறக் குறிப்பேட்டில் பதிவு செய்வார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் வந்த உடனேயே பதிந்துவிடுங்கள். ராத்திரி காய்ச்சல் என்றால் 116117 என்ற எண்ணில் கேட்கலாம், உயிருக்கு ஆபத்து என்றால் 112. கிட்டா சேர்ந்த முதல் குளிர்காலத்தில் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, குழந்தை நோய்க்கென்று 2024 முதல் ஒரு பெற்றோருக்கு ஒரு குழந்தைக்கு வருஷம் 15 வேலை நாள் விடுப்பு உண்டு. அப்பாவும் எடுக்கலாம், எடுக்க வேண்டும்.

ஆச்சி. போனில் இருந்தாலும் மடி மடிதான். குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. கிட்டா முடிந்து 4 மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஊரில் ராத்திரி எட்டரை. ஆச்சி தூங்குவதற்கு முன் ஒரு கதை சொல்ல நேரம் சரியாக இருக்கும்.

சூழ்நிலையால் பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டிருப்பவர்கள் நம் அடியார்களில் பலர் உண்டு. அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. அந்தப் பாட்டியும் ஒரு கார்த்திகைப் பெண்தான். கீழே சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தும்.

அணைப்பது நம் வேலை

ஆறு மடி கிடைத்துவிட்டால் போதுமா? கிட்டாவில் ஒரு முகம், கோயிலில் ஒரு முகம், போனில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று பிள்ளை பிரிந்து கிடக்கும். கிட்டாவில் நடந்தது ஆச்சிக்குத் தெரியாது, ஆச்சி சொன்ன கதை கிட்டாவுக்குத் தெரியாது. இதையெல்லாம் ஒரே பிள்ளையாகச் சேர்த்துக் கட்டும் இடம் அப்பா அம்மாதான்.

நாங்கள் இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் உட்காருவோம். (சாம்பிராணி மட்டும் வேண்டாம். 2021 முதல் இங்கே எல்லா வீட்டிலும் படுக்கையறையிலும் நடையிலும் புகை உணரும் கருவி கட்டாயம், அலறிவிடும்.) அன்றைக்கு கிட்டாவில் நடந்ததை அவள் சொல்வாள். பாதி ஜெர்மன் வார்த்தையாக வரும். திட்டாமல் அந்த வார்த்தையின் தமிழை நாங்கள் பக்கத்தில் வைப்போம், அவ்வளவுதான். தம்பி மணி அடிப்பான்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளை ஒட்டி இங்கே குழந்தைகள் காகித விளக்கு ஏந்தித் தெருவில் ஊர்வலம் போவார்கள். போன வருஷம் போய்விட்டு வந்து, “நம்ம வீட்டுக்கு லத்தேர்ன எப்போ வரும்?” என்று கேட்டாள். திருக்கார்த்திகை அன்று அகல் வரிசையைக் காட்டினேன். மறுநாள் கிட்டாவில் அந்தப் படத்தை வரைந்து, ஆசிரியைக்கு ஜெர்மனில் விளக்கினாளாம். இரண்டு முகம் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்தது.

இந்தக் கார்த்திகைக்கு

குழந்தைகளோடு இருக்கும் அடியார்கள் இந்த மூன்றைச் செய்து பாருங்கள்.

1. ஆறு அகல் ஏற்றுங்கள். உங்கள் பிள்ளையைத் தாங்கும் ஆறு பேரின் பெயரை, விளக்குக்கு ஒன்றாக, பிள்ளையையே சொல்ல வையுங்கள். ஆறு வரவில்லையா? மூன்றுதான் வந்ததா? மீதி மூன்றைத் தேட வேண்டும் என்று முருகன் காட்டுகிறான். வெட்கப்படாமல் உதவி கேளுங்கள்.

2. அந்த ஆறு பேரில் ஒருவருக்காவது வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். கொஞ்சம் பொரி உருண்டை கொடுங்கள். கார்த்திகைப் பெண்களுக்குப் பிள்ளையின் பெயரிலேயே இடம் கிடைத்தது.

3. கார்த்திகை மீன்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். தீபத்தன்று முழுநிலவு அதன் பக்கத்திலேயே நிற்பதால் மங்கலாகத்தான் தெரியும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். டிசம்பரில் பெர்லினில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பிள்ளைகள் தூங்கும் முன்பே பார்க்கலாம். ஜெர்மன்காரர்கள் இதை ஏழு மீன் கூட்டம் என்கிறார்கள். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறுதான் தெரியும். திருநெல்வேலி மொட்டை மாடியில் ஆச்சி பார்ப்பதும் இதே ஆறு மீன்தான் என்று சொல்லுங்கள்.

புது ஊரில் தனியாக நிற்கிறோமே என்று கலங்கும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் இதை அனுப்பி வையுங்கள். சரவணப் பொய்கையில் பிள்ளையைக் காத்தவன் எல்லா ஊரிலும் காப்பான்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!